பாப்பாவுக்கு வயது 52

அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்கு ஐம்பது தாண்டினாலும் வீட்டில் பெரும்பாலும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லப் பெயரில் தவறில்லை. ஆனால் காபியா டீயா என்பதிலிருந்து யார் வீட்டில் தங்குவது என்பதுவரை எல்லாவற்றையும் அடுத்தவரே முடிவு செய்கிறார்கள். இத்தனை வருடம் யாரும் கேட்காததால் விட்டுப்போன பழக்கத்துக்கு ‘அவளுக்குச் சொல்லத் தெரியாது’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எதைக் கேட்டாலும் தலையாட்டுவது, திட்டு வாங்காமல் இருக்க அவர் கற்றுக்கொண்ட வழி. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. “நீலமா, பச்சையா?” என்றால் கடைசியாகக் காதில் விழுந்ததையே பலர் திருப்பிச் சொல்வார்கள். அதனால் இரண்டு புடவையையும் கட்டிலில் ஒரு முழம் தள்ளித் தள்ளி வையுங்கள். உங்கள் கையோ பார்வையோ எந்தப் பக்கமும் சாயக் கூடாது. மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். வயதானவருக்கு இருபதுகூட ஆகலாம். பச்சையைத் தொட்டால், சற்று நேரம் கழித்து இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். திரும்பவும் பச்சை என்றால் அது அவர் விருப்பம். இரண்டு தடவையும் வலப்பக்கம் இருந்ததையே தொட்டிருந்தால், அவர் இன்னும் புடவையைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டையும் தள்ளிவிட்டால் அதுவும் ஒரு பதில்.

கொடுக்க முடியாததை ‘வேண்டுமா’ என்று அவரிடம் கேட்காதீர்கள். கேட்டுவிட்டு மறுப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை பட்டுப்புடவை கேட்டால் கட்டிக்கொள்ளட்டுமே. கசங்கினால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

நேற்றுவரை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர் இன்று எதையுமே தேர்ந்தெடுப்பதில்லையா? உடனே மறதிநோய் என்று முடிவு கட்டாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை) உள்ளவர்களுக்கு நாற்பதுக்கு மேல் அல்சைமர் என்ற மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கண்புரை, காதில் அடைத்த அழுக்கு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாமே அப்படித்தான் தெரியும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதலில் இவற்றைப் பாருங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்பே நிற்கும். இரவு வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் வரும்போது ‘அடம் பிடிக்கிறாள்’ என்பார்கள். என்ன நடக்கிறது என்று அவரிடம் சொல்ல ஒரு காலண்டர் போதும். வந்த நாளில் அவர் கையாலேயே சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். பொட்டில்லாத மாதங்களைப் புரட்டிக் காட்டி “இப்படித்தான் நிற்கும்” என்றால் பலருக்குப் புரிகிறது. டாக்டர் அறையில் கேள்வி கூட வந்த அண்ணியிடம் போனால், “அவங்ககிட்டயே கேளுங்க டாக்டர்” என்று திருப்பிவிடுங்கள்.

“கார்டியன் போட்டாச்சு, இனி அவளைக் கேட்க என்ன இருக்கு?” என்பது அடிக்கடி காதில் விழும் தப்புக் கணக்கு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்லும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரோ, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் அந்தப் பெண்ணின் விருப்பப்படி நடக்க வேண்டியவர்.

அம்மாவுக்குப் பின் எங்கே என்பதை அம்மா இருக்கும்போதே கேட்க வேண்டும். வாயால் கேட்டுப் பயனில்லை. தம்பி வீட்டில் ஒரு ராத்திரி, அடுத்த மாதம் மூன்று ராத்திரி தங்கட்டும். தங்கை வீட்டிலும் அப்படியே. தங்கும் இல்லம் ஏதாவது மனதில் இருந்தால் அங்கேயும். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எழுதிவையுங்கள். அடுத்த தடவை கிளம்பும்போது பையில் துணியை அவரே எடுத்து வைக்கிறாரா, அல்லது பையைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.