கிரவுட்ஃபண்டிங்: திரள்நிதியா, முன்வெளியீட்டுத் திட்டமா?

ஒரு வேலைக்கு வேண்டிய பணத்தை, அது முடியும் முன்பே, பலரிடம் சிறுசிறு தொகையாக இணையம் வழியே வாங்குவதுதான் கிரவுட்ஃபண்டிங். முதல் நாவலை இப்படி அச்சிட விரும்புபவருக்கு எந்தச் சொல், எந்த வழி பொருத்தம் என்று பார்ப்போம். 2006இல் இச்சொல்லை முதலில் பயன்படுத்தியவராக மைக்கேல் சல்லிவன் குறிப்பிடப்படுகிறார். அதே ஆண்டு ஜெஃப் ஹௌ ‘வயர்டு’ இதழில் எழுதிப் பரவிய ‘கிரவுட்சோர்சிங்’ (ஒரு வேலையைப் பலரிடம் பகிர்ந்து செய்விப்பது) என்ற சொல்லின் சாயல் இதில் உண்டு. 2009இல் இப்படிப் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் தொடங்கிய பிறகு இது எல்லோர் வாயிலும் புழங்கலாயிற்று.

சொல் புதிது, செயல் பழையது. லண்டனில் 1617இல் வெளியான ஜான் மின்ஷூவின் பன்மொழி அகராதி, வாங்க ஒப்புக்கொண்டவர்களின் ஆதரவோடு அச்சேறியது. இந்த முறையை ஆங்கிலத்தில் சப்ஸ்கிரிப்ஷன் என்றார்கள். அதன் இலத்தீன் வேருக்குக் ‘கீழே எழுதுதல்’ என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பாளர்கள் இதற்குக் ‘கையொப்பம்’ என்று சொன்னார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் கையொப்பக்காரர்களைச் சேர்த்துத்தான். பின்னால் ‘சந்தா’ வந்து அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டது. நல்ல சொல், போய்விட்டது.

இன்று கிரவுட்ஃபண்டிங்குக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் போட்டியிடுகின்றன. ‘கூட்டுநிதி’ என்றால் கூட்டுறவு, கூட்டு வணிகம் போலப் பங்காளித்தனம் தொனிக்கிறது. நாவலுக்குப் பணம் தருபவர் அதில் பங்குதாரர் ஆவதில்லை. ‘திரள்நிதி’யில் அந்தச் சிக்கல் இல்லை. ‘நிதி திரட்டுதல்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. பாடல்களைத் தொகுத்த நூலுக்குப் ‘புறத்திரட்டு’ என்று பெயரிட்ட மொழிக்குத் திரட்டுவது புதிதும் அல்ல. பொதுப்பெயராகத் திரள்நிதியே போதும்.

ஆனால் நன்கொடை, வட்டிக் கடன், நிறுவனப் பங்கு எல்லாமே திரள்நிதிக்குள் அடங்கும். பிரதிக்கு முன்பணம் வாங்கி முதல் நாவலை அச்சிடுவது இவற்றில் எதுவும் அல்ல. அதற்குப் பதிப்புலகில் ஏற்கெனவே புழங்கும் ‘முன்வெளியீட்டுத் திட்டம்’தான் பொருத்தம். வாங்கிய பணத்துக்குப் புத்தகம் கொடுத்தாக வேண்டும் என்பதை அது மறைப்பதில்லை. ‘முன்பதிவு’ என்று மட்டும் சொன்னால் குழப்பம் வரும். கிண்டில் மின்னூலை முன்பதிவு செய்தவரிடம் பணம் எடுக்கப்படுவது நூல் வெளியாகும்போதுதான். எழுத்தாளருக்கு அது வந்து சேர மேலும் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அந்தப் பணத்தை நம்பி அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்க முடியாது.

தளங்களிலும் பணம் எப்போது, எந்த நிபந்தனையில் கைக்கு வரும் என்பதைப் பார்க்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டினால்தான் பணம் எடுப்பார்கள். எட்டாவிட்டால் ஒன்றும் வராது, கடனும் இல்லை. திட்டத்தை அதிகபட்சம் 60 நாள் திறந்து வைக்கலாம். 30 நாளே போதும், ஆதரவு முதல் சில நாட்களிலும் கடைசியிலும்தான் குவியும். வந்தது வரட்டும் என்று கிடைத்ததைக் கொடுக்கும் தளங்கள் முதல் நாவலுக்கு ஆபத்து. பாதிப் பணத்தில் பாதிப் புத்தகம் அச்சிட முடியாது.

இலக்குத் தொகையை ஆசையை வைத்துப் போடக்கூடாது. செலவை இரண்டாகப் பிரியுங்கள். திருத்தம், மெய்ப்பு, அட்டை ஓவியம், பக்க வடிவமைப்பு ஆகியவை எத்தனை பிரதி போனாலும் மாறாதவை. அச்சு, உறை, அஞ்சல், தளக் கட்டணம் பிரதிதோறும் வருபவை. விலை 100 என்று வையுங்கள். அச்சுக்கு 40, உறைக்கும் அஞ்சலுக்கும் 22, தளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் 8 போனால் மிச்சம் 30. மாறாச் செலவு 6,000 என்றால் 200 பிரதி விற்க வேண்டும். அஞ்சல் 6 கூடினால் மிச்சம் 24. தேவை 250 பிரதியாகிறது. 200 பிரதிக்குப் பணம் வாங்கிய பிறகு இது தெரியவந்தால் 1,200 கைக்காசிலிருந்து போகும்.

பெரும்பாலும் உதைப்பது அஞ்சலில்தான். ஏ5 அளவில், 80 கிராம் தாளில், 256 பக்கம் என்பது 128 தாள். உள்பக்கங்கள் மட்டுமே 318 கிராம். அட்டையும் உறையும் சேர்ந்தால் 350ஐத் தாண்டும். அஞ்சல் கட்டணம் எடை அடுக்கின்படி ஏறுவதால், கடைசியில் கூட்டிய ஒரு அத்தியாயம் எல்லாப் பொதிகளையும் அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடலாம். பக்கங்கள் முடிவாகாமல் அட்டையும் முடியாது: 0.1 மி.மீ. தடிமன் தாள் என்றால் அந்த 128 தாளுக்குப் புத்தக முதுகு 12.8 மி.மீ.; 32 பக்கம் கூடினால் 14.4. ஆகவே திருத்தி முடித்த கைப்பிரதி இல்லாமல் திட்டத்தை அறிவிக்காதீர்கள். பணம் தருபவர்களுக்குப் பரிசு என்றால் நீங்கள் கையொப்பமிட்ட பிரதியோடு நிறுத்துங்கள். குவளை, பை, பனியன் எல்லாம் எடையைக் கூட்டி லாபத்தைத் தின்னும்.

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பதிவானதைவிட நூற்றுக்கு ஐந்து பிரதி கூடுதலாக அச்சிடுங்கள். சில பொதிகள் நசுங்கும், சில தொலையும். முகவரியைப் பணம் வாங்கும்போது மட்டுமல்ல, அனுப்புவதற்கு முன்பும் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். இடையில் பலர் வீடு மாறியிருப்பார்கள்.