காய்ச்சலோடு வகுப்புக்கு வரவைக்கும் ஆப்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆப் செய்து கொடுப்பது என் பிழைப்பு. தேடி வருகிறவர்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: வருகைப்பதிவும் ஹெல்த் செக்கும் ஒரே ஆப்பில் வேண்டும், பிள்ளை கேட்டைத் தாண்டும்போதே இரண்டும் முடிந்துவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே பட்டனில் முடிச்சுப் போட்டால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

கொரோனா காலத்து கேட் படிவங்கள் நினைவிருக்கிறதா? இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, தொண்டை வலி உண்டா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் திரை பச்சையாகும், செக்யூரிட்டி உள்ளே விடுவார். பையன்கள் அதை நிரப்பிய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். தோளில் பை, காதில் பாட்டு, நண்பனோடு பேச்சு, கட்டைவிரல் மட்டும் தன்பாட்டில் 'இல்லை, இல்லை, இல்லை' என்று தட்டிக்கொண்டே போகும், கண் திரைப்பக்கமே போகாது. நேற்றைய பச்சைத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே பல்கலைக்கழகங்களில் பல பாடங்களுக்கு டிபி (DP, Duly Performed) என்று ஒரு தேர்வுத் தகுதி இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் தேர்வே எழுத முடியாது, அதற்குப் பல இடங்களில் வருகைச் சதவீதத்தையும் பார்க்கிறார்கள். காய்ச்சல் என்று உண்மையைச் சொன்னால் வகுப்பு போச்சு, சதவீதம் போச்சு. பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது. பிறகு யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? இதில் இன்னொரு வேடிக்கை: தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, வேலைக்குப் போகிறவர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல், அல்லது எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வராமல் இருந்தால்தான் சம்பளத்துக்கு டாக்டர் சர்டிபிகேட் காட்ட வேண்டிவரும். ஒரு நாள் காய்ச்சலுக்கே மாணவனிடம் சர்டிபிகேட் கேட்கிற கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். தனியார் டாக்டரிடம் போகக் காசு இல்லாத பிள்ளை, அரசு கிளினிக் வரிசையில் நாள் முழுக்க உட்கார்ந்து பத்துப் பேருக்குக் காய்ச்சலைக் கொடுத்துவிட்டு அந்தத் தாளை வாங்கி வரும்.

சரி, எப்படித்தான் செய்வது? நான் வைக்கிற வடிவம் இதுதான். மாணவன் பக்கம் 'இன்று வர இயலவில்லை' என்று ஒரு பட்டன், காரணம் கேட்காது. அதை அழுத்தினால் அன்றைய வகுப்பு கணக்கிலிருந்தே விலகிவிடும்: 40 வகுப்பில் 3 விலகினால் சதவீதம் 37-க்குப் போடப்படும். லெக்சரர் திரையில் 'விலக்கு' என்ற ஒரே சொல்தான் வரும். காரணத்தை மாணவன் விரும்பினால் தனியாக எழுதலாம், அது வளாக நர்ஸுக்கு மட்டும் போகும். ஏமாற்ற மாட்டார்களா என்று நிர்வாகம் கேட்கும். ஏமாற்றுவார்கள்தான், அதற்காக பருவத்துக்கு இத்தனை தடவை என்று ஒரு வரம்பு, அதைத் தாண்டினால் நர்ஸின் ஒப்புதல். நூறு பேர் பொய்யாகப் படுத்துக்கொள்வதைவிட, காசநோய் இருமலோடு ஒருவர் ஜன்னல் சாத்திய அறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எனக்குப் பயம்.

லெக்சரருக்குக் காரணம் ஏன் தெரியக்கூடாது என்றால், ஒரு கல்லூரியின் பழைய ஆப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், அதில் வளாகக் கதவுகள் எல்லாவற்றிலும் க்யூஆர் கோடு, கிளினிக் கதவிலும்கூட. மாதாமாதம் எச்ஐவி மாத்திரை வாங்கப் போகிற பெண்ணின் பெயர், தேதி, நேரம் எல்லாம் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பட்டியலில் வரிசையாக நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, 'எல்லாக் கதவும்' என்று யாரோ சொன்னார்கள், எல்லாக் கதவிலும் ஒட்டிவிட்டார்கள். காவடிக்கு லீவு எடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்: போப்பியா (POPIA) என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலம், கைரேகை, முகம் போன்ற பயோமெட்ரிக் விவரங்களோடு மத நம்பிக்கையும் 'சிறப்பு' வகைத் தகவல்தான், 18 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாகப் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

வருகைப்பதிவு உடல்நலத்துக்கு உதவாது என்று சொல்லவில்லை. உதவும் இடம் வேறு. 2022 அக்டோபரில் லிம்போபோ மாகாணத்தில் தொடங்கிய தட்டம்மை பல மாகாணங்களுக்குப் பரவியது. தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அது தொற்றும், நோயாளி எழுந்து போன பிறகும் அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். அதாவது அவரோடு உட்கார்ந்தவர்கள் மட்டுமல்ல, அதே அறையில் அடுத்த வகுப்புக்கு வந்தவர்களையும் கூப்பிட வேண்டும். எந்த அறை, எந்த நேரம், யார் யார் என்ற பட்டியல் இருந்தால் நர்ஸுக்கு அது அரைமணி நேர வேலை. ஜிபிஎஸ் இதற்கு வேண்டவே வேண்டாம், கட்டடத்துக்குள் அது எந்த மாடி என்றுகூடச் சரியாகச் சொல்லாது, போலி இடம் காட்டும் ஆப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த, தொற்றாளர் பக்கத்தில் இருந்தவர்களை எச்சரிக்கும் கோவிட் அலர்ட் எஸ்ஏ ஆப் பெயரும் இடமும் கேட்காமல், ப்ளூடூத்தில் மாறிக்கொண்டே இருக்கும் குறியீடுகளை வைத்தே வேலை செய்தது.

ப்ராக்ஸியை, அதாவது வராதவனுக்காக நண்பன் பதிவு போடுவதைத் தடுக்க, வகுப்பறைத் திரையில் சில விநாடிக்கு ஒருமுறை மாறும் க்யூஆர் கோடு போதும். சுவரில் ஒட்டிய கோடு பத்தே நிமிடத்தில் வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கும். அப்புறம் லோட் ஷெடிங், அதாவது கட்டம் கட்டமாகச் செய்யும் மின்வெட்டு. ஆறாம் கட்டம் வரைக்கும் போன நாட்களில் டவர் பேட்டரியே இறங்கி நெட்வொர்க் செத்துப்போனது, ஆகவே பதிவு முதலில் போனிலேயே சேமிக்கப்பட்டு, லைன் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். நேரத்துக்குப் போன் கடிகாரத்தை நம்பாதீர்கள், பையன்கள் மாற்றிவிடுவார்கள்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அறைப் பட்டியல் பருவம் முடியும்வரை, நர்ஸிடம் போன காரணம் அதைவிடக் குறைவாக. அழிக்கும் வேலையை ஆப்பே செய்யட்டும், 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும்: போப்பியாவின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் உண்டு. உங்களைப் பற்றிய தகவல் தங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால் அதைக் காசில்லாமல் உறுதிப்படுத்திச் சொல்ல வேண்டும். கிளினிக் கதவையும் சேர்த்துக் கேளுங்கள்.