ஹமார்ட்டோமா: தமிழில் பிழைக்கழலை

ஒரு வயதுக் குழந்தைக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை; வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வருகிறது. ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம், மெல்லிய தடுப்புகளோடு சிறிதும் பெரிதுமாக நீர்ப்பைகள். ரிப்போர்ட்டில் ‘மெசன்கைமல் ஹமார்ட்டோமா’. ‘ஓமா’ என்று முடிந்தாலே புற்றுநோய் என்று பெற்றோர் பதறுகிறார்கள். இது புற்றுநோய் அல்ல.

‘ஹமார்ட்டோமா’ என்ற சொல்லை 1904இல் ஜெர்மானிய நோய்க்கூற்றியலர் ஆல்பிரெக்ட் உருவாக்கினார். வேர் கிரேக்க ‘ஹமார்த்தியா’: எறிந்த ஈட்டி குறி தவறுவது, அதிலிருந்து தவறு, குற்றம். அந்த உறுப்புக்கு உரிய திசுக்களேதான், ஆனால் அளவும் அடுக்கும் தவறி வளர்ந்துவிட்டன. ‘மெசன்கைமல்’ என்பது உறுப்பின் செல்களைத் தாங்கும் தளர்வான இடைத்திசுவைக் குறிக்கும். கல்லீரலில் வரும் இந்தக் கட்டிக்கு இப்பெயரை 1956இல் இட்டவர் எட்மண்ட்சன்.

தமிழில் ஈடு தேட வெகுதூரம் போக வேண்டாம். ‘யானை பிழைத்தவேல்’ என்கிறது குறள் (772), அதாவது யானைக்கு எறிந்து குறி தவறிய வேல். குறி தவறுவதும் தவறு செய்வதும் நமக்கும் ஒரே ‘பிழை’தான். ‘கட்டி’ என்றால் சீழ்க்கட்டியும் அதில் அடங்கிவிடும். ‘கழலை’ அந்தக் குழப்பம் தராது. ஆகவே ஹமார்ட்டோமா ‘பிழைக்கழலை’. முழுப்பெயர் ‘கல்லீரல் இடைத்திசுப் பிழைக்கழலை’. ‘நீர்க்கட்டி’ என்று மட்டும் எழுதுவது சரியல்ல. தளர்ந்த இடைத்திசுவுக்குள் நீர் தேங்கித்தான் பைகள் உண்டாகின்றன. பலவற்றுக்கு உட்சுவரே கிடையாது. ஊசியால் உறிஞ்சினால் வயிறு வடியும், திசு அங்கேயே இருப்பதால் மறுபடி நிறையும். முடிந்தவரை முழுதாக வெட்டி எடுப்பதே வழக்கம். மிச்சம் விட்டால் திரும்ப வளரலாம். அரிதாக, பின்னாளில் சார்க்கோமா என்னும் புற்றாகவும் மாறலாம்.

பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் (கல்லீரல் புற்றில் கூடும் ஒரு புரதம்) சற்றுக் கூடியிருந்தால் உடனே ஹெபட்டோபிளாஸ்டோமா என்னும் குழந்தைகளின் கல்லீரல் புற்று என்று முடிவுகட்டக் கூடாது. பிறந்த குழந்தைக்கு அந்தப் புரதம் இயல்பாகவே மில்லிலிட்டருக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருக்கும், மாதக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பெற்றோரிடம் பேசும்போது ‘பிழை’யை ஒற்றைச் சொல்லாக விடாதீர்கள், தங்கள் பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். “ஈரல்ல நீர் கோத்த கட்டிம்மா, புத்து இல்ல, ஆபரேஷன்ல எடுத்துடலாம்” என்றால் போதும். பிழைக்கழலையை டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக்கொள்ளலாம்.