சிக்னல் அடிக்கடி சிவப்பில் நிற்கிறதா? முதலில் தண்டவாள இணைப்பில் இருக்கும் பாண்டைப் பாருங்கள்

'சிக்னல் கோளாறு' என்று ஸ்டேஷனில் அறிவித்தால் திட்டு விழுவது எங்கள் சிக்னல் பிரிவுக்குத்தான். சில நாள் அது நியாயமான திட்டு. ஆனால் மின்மயமான பாதையில் பல நேரம் கோளாறு சிக்னலில் இருப்பதில்லை, ரயிலை இழுத்த கரண்ட் திரும்பிப் போகும் வழியில் இருக்கிறது.

மேலே கம்பியில் 25,000 வோல்ட் ஏ.சி. ஓடுவது எல்லாருக்கும் தெரியும். இன்ஜினுக்குள் இறங்கி வேலையை முடித்த கரண்ட் சப்ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டுமே, அதற்குத் தண்டவாளமும் ஒரு வழி. சுமார் 6,000 குதிரைத்திறன் உள்ள டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு இன்ஜின் முழு மூச்சில் இழுக்கும்போது 200 ஆம்பியருக்குப் பக்கத்தில் திரும்பும். அதே தண்டவாளத்தில்தான், பாதையில் ரயில் நிற்கிறதா என்று காட்டும் எங்கள் டிராக் சர்க்யூட்டும் இருக்கிறது, வெறும் சில வோல்ட் டி.சி.யில். ரயில் வந்தால் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்யும், ரிலே (கரண்ட் வந்தால் மேலே தூக்கி நிற்கும் காந்த சுவிட்ச்) விழும், சிக்னல் சிவப்பாகும். வயர் அறுந்தாலும் ரிலே விழும், அதில் ரயில் தாமதமாகுமே தவிர ஆபத்தில்லை. பயமெல்லாம் ரயில் நிற்கும்போதே வெளிக் கரண்ட் ஏதோ ரிலேயைத் தூக்கிப் பிடித்துவிட்டால் என்பதுதான். அதற்காகவே ஏ.சி.க்கு அசையாத ரிலே, கூடவே ஏ.சி.யைத் தடுக்கும் ஒரு சோக் சுருள். மும்பை புறநகரில் 1,500 வோல்ட் டி.சி. ஓடிய காலத்தில் கணக்கு தலைகீழ், அங்கே டி.சி. டிராக் சர்க்யூட்டை நம்பவே முடியாது. 2016-ல் ஏ.சி. மாற்றம் முடிவதற்குள் சிக்னல் சாமான்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

புது இன்ஜின்களில் மோட்டாருக்கு ஏற்றபடி கரண்டை மாற்றும் கன்வெர்ட்டர் கிளப்பும் ஹார்மோனிக்ஸ் (வேறு அதிர்வெண்களில் கலக்கும் கரண்ட்) பற்றி நிறையப் பேசுகிறார்கள். டி.சி.க்குப் பதில் ஒலி அதிர்வெண்ணில் இயங்கும் ஆடியோ ஃப்ரீக்வென்சி டிராக் சர்க்யூட் இருக்கும் இடத்தில் அது உண்மையான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபீல்டில் நான் அதிகம் பார்ப்பது இவ்வளவு பெரிய விஷயமில்லை, கழன்று கிடக்கும் ஒரு பாண்ட். தண்டவாள இணைப்பைத் தாண்டிக் கரண்ட் போவதற்காகப் பொருத்தும் இரும்புப் பட்டை அது.

ஒரு இடத்தில் டிராக் ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனது, அதுவும் லோடு ஏற்றிய சரக்கு ரயில் கிளம்பும்போது மட்டும். ஃப்யூஸை மாற்றினோம், சோக்கை மாற்றினோம், சார்ஜரைக்கூட சந்தேகப்பட்டோம். கடைசியில் பாதையோரம் நடந்தபோதுதான் தெரிந்தது: ஜல்லியை இறுக்கும் டாம்பிங் மிஷின் போன வழியில் பாண்டின் ஒரு முனை பிய்ந்து ஜல்லிக்குள் புதைந்திருந்தது, போல்ட் ஓட்டையைச் சுற்றிக் கருகிய தடம். நேர் வழி அடைபட்டதால் கரண்ட் எங்கள் டிராக் சர்க்யூட் பெட்டி வழியாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தது. ரிலே ரூமில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ரயில் இழுக்கும் நேரத்தில் ரிலே முனையில் மீட்டரை வைத்து டி.சி.யோடு ஏ.சி.யையும் பாருங்கள், ஏ.சி. எகிறினால் சர்க்யூட் கார்டை மாற்றாமல் பாதையோரம் நடக்கத் தொடங்குங்கள்.

பாதைப் பிரிவு நண்பர்களுக்கு: தண்டவாளம் வெட்டும் முன், பாண்டைக் கழற்றும் முன் இடைவெளியைத் தாண்டிக் கரண்ட் போகத் தற்காலிக ஜம்பர் வயரை இறுக்கிவிடுங்கள். 'அஞ்சு நிமிஷ வேலைதானே' என்று ஜம்பர் இல்லாமல் பிரித்து, இடைவெளியின் இரண்டு பக்கத்தையும் கையால் தொட்டால் உயிரே போகும். பிளாக் (வேலைக்காகப் பாதையில் ரயிலை நிறுத்தும் அனுமதி) எடுத்து மேல் கம்பியை ஆஃப் செய்திருந்தாலும் பக்கத்துப் பாதையில் ரயில் ஓடினால் அதன் கரண்ட் இங்கேயும் வரும்.

கேட்டைக் கடக்கும் பொதுமக்கள் பாண்டோ வயரோ தொங்குவதைப் பார்த்தால் தொடாதீர்கள், எடுத்துக் கட்டியும் வைக்காதீர்கள். கேட்கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ சொல்லுங்கள், இல்லையென்றால் 139-ஐ அழையுங்கள். பக்கத்து மின்கம்பத்தில் ஒரு எண் எழுதியிருக்கும், அதைச் சொன்னால் எங்களுக்கு இடம் தெரிந்துவிடும்.