வீரனின் இரண்டு வீச்சுகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகள் பலவற்றில் வீரனின் வாள் எதிரியைத் தொட்டதா என்பதைத் தீர்மானிப்பது இருபது முகப் பகடை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. அதில் மந்திரவாதிக்கு வியப்பூட்டும் மந்திரங்கள் பல உண்டு. ஃபைட்டர் எனப்படும் வீரனோ திரும்பத் திரும்ப வாளைத்தான் வீசுகிறான். அவனுடைய பலமே அந்தத் திரும்பச் செய்தலில்தான் இருக்கிறது என்பதை நிகழ்தகவுக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் ஆடும் கதை, இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டு மலைப்பாதையில் நடக்கிறது. ஒரு வளைவில் வழிமறிக்கும் பூதத்தின் கவச எண் (வீச்சு பாய எட்ட வேண்டிய தொகை) 15 என்றும், ஐந்தாம் நிலையை எட்டிய நம் வீரன் பகடை எண்ணோடு 7-ஐக் கூட்டிக்கொள்வான் என்றும் வைத்துக்கொள்வோம். எவர்சில்வர் தாம்பாளத்தில் உருண்ட பகடை 6 காட்டினால் கூட்டுத்தொகை 13, வீச்சு தவறியது. 11 காட்டினால் 18, வாள் பாய்ந்தது. 8 முதல் 20 வரை பதின்மூன்று முகங்கள் அவனுக்குச் சாதகமாக இருப்பதால் ஒரு வீச்சின் வெற்றி வாய்ப்பு 65 சதவீதம்.

ஐந்தாம் பதிப்பின் விதிப்படி இந்த நிலையில் வீரனுக்கு ஒரு முறைக்கு இரண்டு வீச்சுகள் கிடைக்கின்றன. இரண்டும் தவறும் வாய்ப்பு 0.35-ஐ 0.35-ஆல் பெருக்கினால் வரும் 12.25 சதவீதம், ஆகவே ஒன்றாவது பாயும் வாய்ப்பு 87.75 சதவீதம். பாயும் வீச்சுக்குச் சராசரி 11 புள்ளி சேதம் (பெருவாளின் பகடைகளில் 7, வலிமைக்காகக் கூட்டும் 4) என்றால், மொத்தச் சராசரி 14.3. இரு மடங்கு சேதம் தரும் ஒரே பேரடிக்கும் சராசரி அதே 14.3தான். ஆனால் அந்தப் பேரடி மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான முறைகளில் வெறுங்கையோடு திரும்பும். சராசரியை மட்டும் பார்த்து ஆயுதம் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

சேதத்தைக் கணக்கிடும் பகடைகளிலும் இதே இயல்பு உண்டு. தாயம் ஆடியவர்களுக்கு இது கைப்பழக்கம்: இரண்டு கட்டைகளை உருட்டினால் வரக்கூடிய பதினாறு விளைவுகளில் மூன்று என்ற எண் நான்கு முறை விழும், ஆறு என்ற எண் ஒரே ஒரு முறைதான் விழும். பெருவாளுக்கு உருட்டும் இரண்டு ஆறுமுகப் பகடைகளும் அப்படியே நடுவில் குவிந்து, 7-ஐ முப்பத்தாறில் ஆறு முறை தருகின்றன. பெருங்கோடரியின் பன்னிரண்டு முகப் பகடையிலோ ஒன்றும் பன்னிரண்டும் சம வாய்ப்புடையவை, சராசரியும் 6.5 மட்டுமே. எதிரியை இந்த முறையே வீழ்த்தியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கோடரி ஒரு சூதாட்டம். நான் வாளையே தேர்ந்தெடுப்பேன்.

வீணாகும் சேதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 10 உயிர்ப்புள்ளி மட்டுமே கொண்ட சிறு எதிரிமேல் 22 புள்ளிப் பேரடி விழுந்தால் 12 புள்ளி காற்றோடு போகிறது. இரண்டு வீச்சுடைய வீரனோ, வாள் பாய்ந்த முறைகளில் ஏறத்தாழ 72 சதவீதத்தில் முதல் வீச்சிலேயே அவனைச் சாய்த்துவிட்டு, இரண்டாவதை அடுத்தவன்மேல் திருப்புகிறான். கூட்டமாக இறங்கிவரும் சிறு பூதங்களுக்கு எதிரே, வளைவின் குறுகிய வாயில் அவனை நிறுத்துவதற்குக் காரணம் இதுவே.