வெள்ளிக்கிழமை ரயில்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் ஆசிரியர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட கையோடு, எதில் போய் வருகிறீர்கள் என்றும் கேட்பேன். வேலைச் சுமையின் கனம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

உயர்தரத்துக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்புகளுக்கு) படிப்பிக்கும் ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சனிக்கிழமைகளில் பேராதனையில் பட்டப்பின் படிப்புப் படிக்கிறார். முன்பு வெள்ளி பின்னேரமே ரயில் ஏறி, கம்பளையில் அக்கா வீட்டில் தங்கிவிடுவார். "வட்டவளை தாண்டினதும் தூங்கிடுவேன் மிஸ். நாவலப்பிட்டியில வடைக்காரர் சத்தத்துலதான் முழிப்பு" என்றார். பரீட்சை நெருங்குகிறதென்று வெள்ளி பின்னேரமும் மேலதிக வகுப்பு வைத்தார்கள். அதோடு ரயில் பயணம் போயிற்று. இப்போது நடுராத்திரிவரை விடைத்தாள் திருத்திவிட்டு, சனி நாலு மணிக்கு எழுந்து தனியாகக் காரை எடுக்கிறார். பக்கத்து இருக்கையில் திருத்தி முடியாத கட்டு.

போகவர சுமார் 140 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் என்றால், ஒரு சனிக்கிழமைக்கு ஏறக்குறைய 27 கிலோ காபனீரொட்சைட்டு. ஆனால் எனக்குப் பெரிய பயம் திரும்பி வரும் நேரம்தான். நாலு மணிக்கு எழுந்தவர் இரவு 9 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்போது கவனமும் கையின் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நிலையில், மூடுபனிக்குள், வழியில் வரும் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகள்!

பஸ்ஸில் போகலாமே என்று சொல்வது சுலபம். அது அவருக்குத் தெரியாததா? 2022-இல் பெற்றோல் இல்லாதபோது எத்தனை பேர் பஸ்ஸையும் ரயிலையும் நம்பித்தானே போய் வந்தோம்? பஸ்ஸுக்குக் காத்து நிற்கவும், நெரிசலில் ஏறவும், நேரம் பிந்தினால் பொறுக்கவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வேண்டும். வாரம் முழுக்கப் படிப்பித்துத் திருத்தியவரிடம் அது இருப்பதில்லை. சுற்றுச்சூழல் மேல் அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் நாங்கள் காரைப் பற்றிப் பேசவே இல்லை, வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் பேசினோம். அவர் அதிபரிடம் கேட்டார். மாதத்தில் இரண்டு மேலதிக வகுப்புகள் புதனுக்கு மாறின. அந்த இரண்டு வாரமும் ரயில், மற்ற இரண்டும் இன்னும் கார்தான். மிச்ச வகுப்புகளை இன்னொரு ஆசிரியரோடு பகிர முடியுமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.