மெரிஸ்டெம்: ஆக்குத்திசுவா, பிரியிழையமா?

தக்காளிச் செடியின் தண்டு நுனியில், இளந்தளிர்கள் பொத்தி வைத்திருக்கும் இடத்தில், ஊசிமுனையளவான ஒரு செல்திரள் இருக்கிறது. அடுத்துத் தோன்றுவது இலையா பூவா என்பது முடிவாகும் இடம் அதுவே. தாவரவியலில் அதன் பெயர் மெரிஸ்டெம்.

இச்சொல்லை 1858இல் ஆக்கியவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி. பகுத்தல், பிரித்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையே இதன் வேர். செல்கள் ஓயாமல் பிளந்து பெருகுவதே அன்றைய நுண்ணோக்கியில் தெரிந்தது என்பதால், பெயரும் அந்தச் செயலை மட்டுமே சுட்டியது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. இலங்கை வழக்கான பிரியிழையம் கிரேக்க வேரை அப்படியே பின்பற்றுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ஆக்குத்திசு, அந்தப் பிரிவினால் விளையும் பயனைச் சொல்கிறது. எது பொருத்தம் என்பதற்குத் தக்காளியின் மரபணுக்களே நல்ல சான்று தருகின்றன.

விதையிலிருந்து எழும் தக்காளித் தண்டு பொதுவாக 8 முதல் 10 இலைகளை விட்டபின் நுனியில் பூங்கொத்தாக முடிந்துவிடுகிறது. அதற்குமேல் செடியை வளர்ப்பது கடைசி இலையின் கோணத்திலிருந்து, அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கிலிருந்து, கிளம்பும் புதிய நுனி; அதுவும் மூன்று இலைகளை விட்டுப் பூங்கொத்தாக முடிய, அடுத்த கோணத்து நுனி வளர்ச்சியை ஏற்கிறது. இந்த ஒழுங்கை ஆள்பவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, எதிரெதிராகச் செயல்படும் இரண்டு மரபணுக்கள். சிங்கிள் ஃபிளவர் டிரஸ் என்னும் மரபணுவின் புரதம் இலைகளில் உருவாகி, நுனிக்குப் பயணித்து, பூக்கத் தூண்டுகிறது. செல்ஃப் புரூனிங் அதைத் தடுத்து இலைப்பருவத்தை நீட்டிக்கிறது. பின்னது பழுதுபட்டால், பூங்கொத்துகளுக்கு இடைப்பட்ட இலைகள் படிப்படியாகக் குறைந்து, வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. குட்டையாகப் படர்ந்து, ஏறத்தாழ ஒரே சமயத்தில் காய்க்கும் தக்காளி வகைகள் இந்தப் பழுதிலிருந்தே கிடைத்தன.

நுனி பூவாக மாற வேறு மரபணுக்களும் தேவை. ஃபால்சிஃப்ளோரா செயலிழந்தால் பூக்கள் வர வேண்டிய இடத்தில் இலைத்தண்டுகள் வருகின்றன. அனந்தா செயலிழந்தாலோ நுனிகள் மேலும் மேலும் கிளைத்து, பூவே தோன்றாமல் காலிஃப்ளவர் போலத் திரள்கின்றன. இப்பெயர் 'பூவற்றது' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல். நம் காதில் 'முடிவற்றது' என ஒலிக்கும் அதே வடிவம் அந்தச் செடியின் நிலைக்கும் பொருந்துவது தற்செயலே என்றாலும் வியப்பளிக்கிறது.

இலையிலும் இதே கதைதான். சிற்றிலைகளாகப் பிரியாத தனியிலை கொண்ட பல தாவரங்களில், நுனியின் ஆக்குந்தன்மையைக் காக்கும் நாக்ஸ் மரபணுக்கள் இலைத்தளிரில் ஓய்ந்துவிடுகின்றன. தக்காளியில் அவை இளம் இலையிலும் இயங்குவதால், அதன் விளிம்பு சிறிது காலம் புதிய உறுப்புகளை ஆக்கும் திறனோடு இருந்து சிற்றிலைகளைத் தோற்றுவிக்கிறது. அவற்றை மிகையாக இயக்கினால் இலை மேலும் மேலும் பிளவுபடுகிறது.

ஆகவே, செல்கள் பிரிவதைக் காட்டிலும் எதை ஆக்குகின்றன என்பதே இங்கு முதன்மையானது; 'ஆக்கு' என்னும் முற்பகுதியையே நான் ஏற்கிறேன். ஆனால் 'திசு' ஆங்கிலத்திலிருந்து வந்த ஒலிபெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே மூலத்தில் நெய்யப்பட்டது என்பதுதான் பொருள். இழையிலிருந்து பிறந்த இழையம் அதற்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது! இரண்டு வழக்குகளின் சிறந்த பாதிகளையும் சேர்த்தால் ஆக்கிழையம் என்ற சொல் கிடைக்கிறது. நுனி ஆக்கிழையம், கோண ஆக்கிழையம், பூ ஆக்கிழையம் என அது தடையின்றித் தொடர்கிறது. இளந்தக்காளி இலையின் விளிம்பை ஆக்கிழையத் தன்மை கொண்டது என்றும் சொல்ல முடிகிறது.